முழங்கால் ஏறிய மலை

பெண்களை மதிப்பதில் அந்தத் தாவர ஆய்வு நிலையத்துக்கு உலகில் ஈடு இணை கிடையாது. அங்கே சேர்ந்த முதல் பெண் விஞ்ஞானிக்கு 'இலையம்மா' என்று அன்போடு பட்டப்பெயர் சூட்டி, செடி காயவைக்கும் அறையிலேயே நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். நாற்காலிக்கு மூன்று கால். நாலாவது காலுக்குப் பழைய செய்தித்தாள் கட்டு.

முப்பது ஆண்டுகள் இலையம்மா மலை மலையாக ஏறினாள். பறித்த செடியைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவாள். இடம், தேதி எல்லாம் அவள் கையெழுத்து. 'சேகரித்தவர்' என்ற இடத்தில் மட்டும் இயக்குநரின் பெயர் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். பாவம், அவளுக்குக் கை வலிக்கக் கூடாதே என்ற கருணைதான்.

"பதினோராயிரம் அட்டைங்கறே. ஒண்ணுலயாவது உன் பேரு இருக்காம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். ஒன்றே ஒன்றிலாவது இருக்கக் கூடாதா என்ற ஆசை அன்று இலையம்மாவைப் பிடித்தது, விடவில்லை.

ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தபோது, அவள் பாறையிடுக்கில் பறித்த ஊதாப்பூச் செடி உலகுக்கே புதியது என்று தெரிந்தது. உடனே இயக்குநருக்கு விருது அறிவித்தார்கள். கூடவே விருதுக் குழுவுக்கு ஒரு சின்னச் சந்தேகம். சீட்டிலுள்ள தேதியில் இயக்குநருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததாக நிலையத்தின் செய்திமடலே படத்தோடு சொல்கிறதே?

'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. இயக்குநரும் கண்காணிப்பாளரும்தான் அந்த உயர்மட்டம்.

"சீட்டுல தேதியை மாத்திடலாங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"நகல் நாலு நாட்டுக்குப் போயாச்சுய்யா."

"அப்ப ஆபரேஷன் தேதியை?"

இயக்குநர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "தையல் போட்ட டாக்டர் ஒத்துக்கணுமே."

"அப்படின்னா ஒரே வழிதாங்க. உங்களுக்குத் தெரியாம அந்தம்மா ஏறிட்டாங்க. நிலையம் உங்களுது, அதனால விருது உங்களுக்கு. தப்பு மட்டும் அந்தம்மாவுக்கு."

மறுநாள் காலையில் இலையம்மாவுக்குக் குறிப்பாணை வந்தது. 'மேற்படி தேதியில், இயக்குநர் மருத்துவமனையில் இருந்த சமயம் பார்த்து, தாங்கள் முன் அனுமதியின்றித் தன்னந்தனியாக மலையேறி, இதுவரை எவரும் கண்டிராத செடியைக் கண்டுபிடித்தது உண்மையா?'

இரண்டு முறை படித்தாள். கண்ணில் நீர் முட்டியது; சிரிப்பும் வந்தது. 'முற்றிலும் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா, மன்னிப்பாவது கேக்கக் கூடாதா?" என்றார் கண்காணிப்பாளர்.

"எதுக்குங்க? ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே. கொஞ்சம் அந்தப் பசையை எடுங்க."

"பசை எதுக்கு?"

"செடியைப் பத்தி வர்ற காகிதம் எதுவா இருந்தாலும் அட்டையில ஒட்டணும்னு இயக்குநர் போட்ட விதிங்க. நான் விதியை மீறினதே இல்லை."

குறிப்பாணையை ஊதாப்பூச் செடியின் அட்டையில் ஒட்டினாள். பெண்களை மதிக்கும் அந்த நிலையம் முப்பது ஆண்டுகளில் அவள் பெயரை முழுசாக, படித்த பட்டத்தோடு, முத்திரை குத்தி எழுதியது அந்த ஒரு தாளில்தான். அதன் தலைப்பு, 'குற்றச்சாட்டு'.