மேயர் கரடியின் முகம்

“ஸ்டாமென் அண்ணே, இந்தப் புருவத்தை நான் எங்கேயோ பாத்திருக்கேன்,” என்றார் கார்ட்டூன் பட ஸ்டூடியோவின் மானேஜர் லூபென், மேஜைமேல் இருந்த கரடிப் படத்தைக் காட்டி.

“கரடிகிட்ட பாத்திருப்பே.”

“விளையாடாதீங்க. கரடிக்கு ஏது புருவம்? இது தணிக்கைக் கமிட்டித் தலைவர் தோழர் கர்கோவோட புருவம். அடுத்த மாசம் அவர் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் படம் வெளியே வரும். இல்லேன்னா அலமாரிக்குள்ள போயிடும்.”

“என் புத்தகத்துலயே கரடிக்கு இதே புருவம்தானப்பா. அப்ப கர்கோவ் யாருன்னே எனக்குத் தெரியாது.”

“அதை அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நமக்கு எதுக்கு வம்பு?”

ஸ்டாமென் கரடிப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில், பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் அவரைத் தெரியாத டிராம் கண்டக்டர் கிடையாது. சனிக்கிழமை நகைச்சுவைப் பத்திரிகை வந்தால் சனங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். அங்கே அவருடைய கார்ட்டூன் இருக்கும். ரொட்டிக் கடைக்காரரிலிருந்து மந்திரியின் மச்சான் வரை எல்லாரும் அதில் மாட்டியிருக்கிறார்கள். பிறகு குழந்தைகளுக்குக் கதை எழுதினார். காட்டுக்கு மேயராகும் கரடி, அடுப்புக்குக் கரி கிடைக்காத ஒரு குளிர்காலத்தில், காய்ச்சலில் கிடந்த மகளைச் சிரிக்க வைப்பதற்காகப் பிறந்தது. மகள் சிரித்தாள். கரடி புத்தகமாயிற்று. கம்பளிக்குள் சுருண்டு கிடந்து அதைப் படிக்காத பிள்ளையே அன்றைக்கு ஊரில் இல்லை. அந்தக் கரடி திரையில் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. படத்துக்குக் கதை, வசனம், ஓவியம் எல்லாம் அவரேதான்.

“சரி, புருவத்தை எடுத்துடலாம்,” என்றார்.

“வாயால சொல்லிட்டீங்க,” என்றாள், வண்ணம் தீட்டும் பெண்களுக்குத் தலைவியான நெடெல்கா. “ஆயிரக்கணக்குல தாள் இருக்கு. ஒடியறது எங்க கைதானே.”

புருவம் போனதும் கரடி அச்சு அசலாக ஸ்டூடியோவின் கணக்கர் மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பில் கணக்கரே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நேரே போய், சாய டப்பாக்கள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைத் தாஜா செய்து சாவியை வாங்குவதற்குள் லூபெனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“ஒரு மீசை வெச்சுடுங்கண்ணே. ஆளே மாறிடும்.”

மீசை வைத்தார்கள். நல்ல அடர்த்தியான மீசை. அது யாருடைய மீசை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. லூபென் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வெளி ஆளு யாராவது பாத்தாங்களா?”

“சுவத்துல படமா மாட்டியிருக்கிற மீசைக்காரரே பாத்துட்டாரு,” என்றாள் நெடெல்கா.

மீசையை மழித்தார்கள். உடம்பை இளைக்க வைத்தார்கள். மூக்கை நீட்டினார்கள். கண்ணாடி மாட்டினார்கள். கடைசியில் நெடெல்கா ஒரு தாளை ஸ்டாமெனின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அண்ணே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. போச்சு. இது நீங்களேதான்.”

லூபெனுக்கு உயிர் வந்தது. “ரொம்ப நல்லதாப் போச்சு. அண்ணே, நீங்க உங்க மேலேயே புகார் குடுக்க மாட்டீங்களே?”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றார் ஸ்டாமென்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது மனசு பாரமாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த மகளைச் சிரிக்க வைத்த கரடி இது இல்லை. ஆனாலும் திரையில் எழுந்து நடக்கப் போகிறதே, போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

படம் போட்டுக் காட்டும் நாள் வந்தது. தோழர் கர்கோவ் மனைவி, மாமியார், மைத்துனர் என்று குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்ததும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கண்ணாடி போட்ட ஒல்லிக் கரடி மேயர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் சாய்ந்துவிட்டார். பிறகு படம் முடிகிறவரை அசையவே இல்லை. மாமியார் மட்டும் அவரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். விளக்கு வந்ததும் எழுந்தார், லூபென் நீட்டிய பேனாவை வாங்காமல் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“எல்லாம் போச்சு,” என்று லூபென் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டாமென் வெறுமையாகக் கிடந்த திரையைப் பார்த்தபடி நின்றார். அவருக்குக் கண் கலங்கியது.

தலைவர் மறந்துவிட்டுப் போன தொப்பியை எடுக்க அவருடைய டிரைவர் உள்ளே வந்தார். லூபென் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தோழர் ரொம்பக் கோவமா இருக்காரா? படத்துல எது தப்புன்னு சொன்னா இப்பவே வெட்டி எறிஞ்சிடறோம்.”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வண்டியில உக்காந்து கண்ணைத் தொடச்சுட்டிருக்காரு,” என்றார் டிரைவர் ஸ்டாமெனைப் பார்த்து. “இத்தனை வருஷத்துல நீங்க ஊர்ல எல்லாரையும் வரைஞ்சீங்களாம், அவரை மட்டும் வரையலையாம், இந்தப் படத்துலயாவது கரடிக்கு அவரோட புருவம் வெச்சிருக்குன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, புதுக் கோட்டு தச்சுப் போட்டுக்கிட்டு மாமியாரையும் கூட்டிட்டு வந்தாருங்க பாவம்.”