மிச்சக்கதையும் லைப்ரரிக்குப் போன தீபாவும்

சென்னையில் எடுத்த ஒரு டெலிவிஷன் தொடரை மட்டக்களப்பு வாவியின் நடுவில் வைத்து முழுக்கத் திருத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவருக்குப் பேனை பிடிக்கத் தெரியாது. பாதையின் சுக்கானைப் பிடிக்கத்தான் தெரியும்.

பாதை என்றால் நடந்துபோகிற பாதை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, பின்னால் ஒரு இஞ்சினைப் பூட்டினால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாதை. ஆட்கள், சைக்கிள், ஆடு, நெல்மூட்டை எல்லாம் அதில்தான் வாவியைக் கடக்கும். எங்கள் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் இந்த மனிதர் வாய் ஓயாமல் கதை சொல்லி, கரை தட்டுகிற நேரம் பார்த்து நல்ல இடத்தில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு" என்று கயிற்றை எறிவார். அதனால் ஊருக்கு அவர் மிச்சக்கதை. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். அது அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

நான் அந்தக் காலத்தில் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். தினமும் காலை ஏழு மணிப் பாதையில் போவேன். எனக்குக் கதை கேட்கிற பொறுமை அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் வாவி நடுவில் எழுந்து எங்கே போவது?

இவருக்கு டெலிவிஷன் வந்த விதமே ஒரு கூத்து. சுனாமி அவருடைய வீட்டை வாரிக்கொண்டு போய், மூன்றாம் நாள் முன்கதவை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டது. மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கூடாரத்துக்கு முன்னால் நட்டுவிட்டார். இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஆனாலும் கதவைத் தட்டாமல் யாராவது சுற்றிப் போனால் கோபம் வரும். "மனுசனுக்கு மரியாதை வேணாமா?" என்பார். நிவாரணம் கொடுக்க வந்த ஒரு கூட்டம் எங்கள் வெயிலுக்கு ஒரு கம்பளிக் கோட்டும், இருக்க வீடில்லாதவருக்கு ஒரு கலர் டிவியும் கொடுத்துவிட்டுப் போனது. பக்கத்துக் கோயிலில் கெஞ்சி ஒரு வயரை இழுத்தார். அன்று மாலையே 'பிளஸ் டூ பறவைகள்' பார்க்கத் தொடங்கினார்.

அந்தத் தொடரை நானும் பார்த்தேன், மறைப்பானேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை என்றார்கள். அதில் ஒரு பிள்ளையாவது புத்தகத்தைத் திறந்து நான் காணவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது மாடிப்படியில் உருண்டு விழுவார்கள். திங்கட்கிழமை எழும்பிப் பந்து விளையாடுவார்கள். ஒரே ஒரு பரீட்சை மூன்று கிழமை நடந்தது. அருண் என்கிற கதாநாயகனுக்குக் கட்டுப் போட்டிருந்தது ஒரு நாள் வலது கையில், மறுநாள் இடது கையில்.

இதையெல்லாம் மிச்சக்கதை அப்படியே சொல்லியிருந்தால் படுவான்கரைச் சனம் அவரை வாவியில் தள்ளியிருக்கும். அங்கே அப்போது கரண்ட் இல்லை, ஆகவே டிவியும் இல்லை. தொடர் முழுக்க அவர் வாயால்தான் அந்தக் கரைக்குப் போனது. போகிற வழியில் அவர் பழுது பார்த்தார். அருணின் அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் வயல் வட்டையும் வாய்க்கால் தண்ணீரில் ஒரு வழக்கும் கொடுத்தார். கதாநாயகியின் தாயை இறால் விற்க அனுப்பினார். மூன்றாம் மாதம் மெட்ராஸ் பள்ளிக்கூடத்துக்குள் யானை புகுந்தது.

"மெட்ராசில ஏது யானை?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"டீச்சர், அந்தப் பெடியன் ஏன் கைய முறிச்சான் எண்டு அவனுகள் ஒரு காரணமும் சொல்லல்ல. நான் யானை எண்டன். இப்ப விளங்குதா இல்லையா?"

விளங்கத்தான் செய்தது. பாதையில் எப்போதும் முன்பலகையில் உட்காருகிற போடியார், படுவான்கரையில் அறுபது ஏக்கர் வயல்காரர், "யானைதான் முறிக்கும், வேற என்ன" என்று தலையாட்டினார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் தீபா காணாமல் போனாள்.

தீபா அந்தத் தொடரில் ஒரு சின்னப் பாத்திரம். இரட்டைப் பின்னல், வகுப்பில் கடைசி வாங்கு. ஒரு செவ்வாய்க்கிழமை, "லைப்ரரிக்குப் போயிட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள். அவ்வளவுதான். நடித்த பிள்ளைக்குக் கல்யாணமோ, வேறு தொடரில் நல்ல வேடமோ, யார் கண்டது. பிறகு தீபா என்ற பெயரையே அங்கே ஒருவரும் உச்சரிக்கவில்லை. அவள் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட வேறொரு பிள்ளை வந்து உட்கார்ந்தது.

மிச்சக்கதை இரண்டு கிழமை பொறுத்தார். ஒரு நாள் காலையில் வாவி நடுவில் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

"ஒரு பொம்புளப் புள்ளயக் காணல்ல! டீச்சர்மார் தேடல்ல, தாய் தகப்பன் தேடல்ல, கூடப் படிச்சதுகளும் தேடல்ல. டான்ஸ் ஆடுதுகள்! இது என்ன கதை? இவனுகளுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?"

எல்லோரும் பூமணி அக்காவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

பூமணி அக்கா படுவான்கரைக்காரி. விடிய முதல் பாதையில் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் கரைக் கடைகளில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு எங்களோடு திரும்புவார். அவருக்கு ஒரே மகள், சுகந்தி, பதினைந்து வயது. வகுப்பு முடிந்து வருகிற வழியில் சண்டைக்கு ஆள் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று கேட்காமலே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்த காலம் அது. அன்றிலிருந்து அக்கா பாதையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"அவளயும் பிடிச்சிட்டா போனாங்கள், தம்பி?"

மிச்சக்கதை தடுமாறியதை நான் முதல்முறை பார்த்தேன். பிறகு சொன்னார்: "இல்லக்கா. பஸ் மாறி ஏறிட்டாள். தேடுறாங்க. நாளைக்குச் சொல்றன்."

அன்றிலிருந்து கதையில் அருணும் இல்லை, காதலும் இல்லை. தேடுதல் மட்டும்தான். முழுப் பள்ளிக்கூடமும் படிப்பை விட்டுவிட்டுத் தீபாவைத் தேடியது. கரையில் நிற்கிறவர்கள் பாதை வரும்போதே, "தீபாவக் கண்டாச்சா?" என்று கத்துவார்கள். "இல்ல, ஆனா ஒரு சாக்குக் கடையில தடயம் இருக்கி!" என்று இவர் பதிலுக்குக் கத்துவார்.

எங்கள் துறையில் காவலுக்கு இருந்த ஆமிக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா? காணாமல் போன பெண், தடயம், இரண்டு கரையிலும் ஆட்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அறைக்குள் இருத்திவிட்டார்கள். "தீபா ஆரு? எங்க ஒளிச்சு வச்ச?" என்று கேள்வி. பாதை ஓடவில்லை. நாங்கள் வெயிலில் நின்றோம். உள்ளே போன ஆட்கள் அந்தக் காலத்தில் எல்லோரும் வெளியே வருவதில்லை.

இவர் மத்தியானம் வெளியே வந்தார். ஒரு கோப்பை பிளேன்டியும் குடித்திருந்தார். முதலாம் பகுதியிலிருந்து கதையைச் சொல்லியிருக்கிறார். யானை வந்த இடத்தில் மொழிபெயர்த்தவன் சிரித்துவிட்டானாம். மறுநாளிலிருந்து காவலில் நின்ற சின்னப் பெடியன் அவரைக் கண்டதும், "தீபா ஆவாத?" என்று கேட்கத் தொடங்கினான். வந்துவிட்டாளா என்று சிங்களத்தில் கேட்கிறான். "தாம நே, மல்லி" என்பார் இவர். இன்னும் இல்லையடா தம்பி.

பிறகு படுவான்கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கின. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனமெல்லாம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்தது. மூன்று நாள் மிச்சக்கதை பாதையை விட்டு இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் கதை சொல்லவில்லை.

சனம் எங்கள் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்தது. நான் மாலையில் அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். ஒரு நாள் யாரோ புண்ணியவான் ஒரு டிவியைக் கொண்டுவந்து மண்டபத்தில் வைத்துவிட்டான். ஏழு மணி. 'பிளஸ் டூ பறவைகள்'. இரண்டு வருடமாகக் காதால் மட்டும் கேட்ட கதையைக் கண்ணால் பார்க்க முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். மிச்சக்கதை கதவோரம் சுக்கானைத் தொலைத்த ஆளைப்போல நின்றார்.

பத்து நிமிடம் பார்த்தார்கள். போடியார் எழும்பினார்.

"இது பிழை."

"என்ன போடியார் பிழை?"

"எங்க வட்டை? எங்க வாய்க்கால் வழக்கு? அருண்ட தகப்பன் கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறான்! இந்த டிவிக்காரனுகள் நம்மட தம்பிட கதயக் களவெடுத்திருக்கானுகள். களவயும் ஒழுங்காச் செய்யத் தெரியல்ல!"

மண்டபமே ஆமாம் போட்டது. கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். டீச்சர்தான் எழுத வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனை பொய்யைப் பிடித்தவள் நான், அன்றைக்குப் பேனையோடு பேசாமல் இருந்தேன்.

அப்போது பூமணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர், நீங்க ஒவ்வொரு நாளும் பாக்கிறனீங்கதானே. தீபா எங்க? அந்தப் பேரயே இவங்கள் சொல்லல்லியே. இனி வரமாட்டாளா?"

உண்மையைச் சொன்னால் அந்த மனுசி அங்கேயே உடைந்துபோவார் என்று தெரிந்தது. கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அது பழய பகுதி அக்கா! திருப்பிப் போடுறாங்கள். புதுசில தேடுறாங்க. டீச்சர்ட்டக் கேளுங்க."

"ஓம்," என்றேன். "பழசு." என் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அது. இன்றைக்கும் வருத்தமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் இந்த ஆள் முகாமுக்கு வந்து, டிவிக்குப் பக்கத்தில் நின்று, "இதுவும் பழசு" என்று அறிவிப்பார். தொடரின் கடைசிப் பகுதியும் வந்தது. எல்லோரும் மழையில் ஆடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், சுபம் போட்டார்கள். தீபா இல்லை. "முடிவக்கூட முதல்ல எடுத்துப் போட்டானுகளே, என்ன ஆக்களிவனுகள்!" என்றார் மிச்சக்கதை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். முந்நூறு பேரும் நம்பினார்கள். பூமணி அக்கா அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனம் திரும்ப ஊருக்குப் போனது, பாதை மறுபடி ஓடியது, தீபா கதையும் ஓடியது. டிவியில் முடிந்து போன தொடர் வாவியில் முடியவில்லை. தீபா ஒரு அரிசி மில்லில் வேலை செய்தாள். காய்ச்சல் வந்து மாறியது. தையல் பழகினாள். வீட்டுக்குப் புறப்பட்டால் வெள்ளம். வெள்ளம் வற்றினால் பஸ்காரர் வேலைநிறுத்தம். சனத்துக்கே அலுத்துவிட்டது. போடியார் கதை நடுவில் குறட்டை விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஆட்கள் இறங்கிப் போனபிறகு பிடித்துக்கொண்டேன்.

"அவங்கட கதை இழுபடுது எண்டு குதிச்சீங்க. உங்கட கதை அதவிட மோசம். ரெண்டு வருசமா அந்தப் புள்ள பஸ் ஸ்டாண்டிலயே நிக்கிது. வீட்டுக்குக் கொண்டுவந்து முடிச்சா என்ன?"

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும் டீச்சர். ஆகலும் மோசம்தான். ஆனா சுகந்தி வராம தீபா வந்தா, அக்காட நெஞ்சு தாங்குமா? வரமாட்டாள் எண்டு சொல்லவும் என்னால ஏலா. அப்ப நான் என்ன செய்ய? ஒல்லுப்போல, கொஞ்சம் கொஞ்சமா இழுக்கிறன்."

நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அன்றைக்கு வகுப்பில் கூட்டல்கூடப் பிழைத்தது.

யுத்தம் முடிந்தது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஊர் முழுக்கக் கடிதத்துக்கும் பட்டியலுக்கும் அலைந்த மாதங்கள் அவை. அதற்குப் பிறகு ஒரு காலை, ஏழு மணிப் பாதைக்குப் பூமணி அக்கா தயிர்ச் சட்டி இல்லாமல் வந்தார். கையில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்திருந்தார். ஒட்ட வெட்டிய முடி, தோளில் நிற்காத பெரிய சட்டை, நிலத்தைப் பார்க்கிற கண். எங்கேயோ தூரத்து முகாம் ஒன்றிலிருந்து முதல் நாள்தான் விட்டிருக்கிறார்கள். சுகந்தி.

இடம் விட்டு உட்கார வைத்தோம். மிச்சக்கதை இஞ்சினை மூன்று முறை இழுத்துத்தான் கிளப்பினார். பாதி வாவி கடந்தும் வாய் திறக்கவில்லை. போடியாருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, கதை இல்லையா இண்டைக்கு?"

"தீபா வீட்ட வந்திட்டாள்," என்றார் மிச்சக்கதை.

பாதையே எழும்பியது. "வந்திட்டாளா? எப்பிடி?"

"வந்திட்டாள். முடிஞ்சுது."

"அதென்ன முடிவு? ஆரு கூட்டி வந்த? இவ்வளவு காலமும் எங்க இருந்தவள்? என்ன நடந்த? நாலு வருசம் கேட்டமே, சும்மா வந்திட்டாளாமே!"

சுகந்தி இன்னும் கீழே குனிந்தாள். மிச்சக்கதைக்குக் கோபம் வந்துவிட்டது. சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"அதெல்லாம் ஏன் இப்ப கேக்கிறீங்க? புள்ள களைச்சுப் போய் வந்திருக்கி. முதல்ல சோறு தின்னட்டும். நித்திரை கொள்ளட்டும். ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படா!"

அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எனக்குத் தெரிய அந்த ஊரில் அந்தப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பூமணி அக்கா சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பாதை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

அவ்வளவு மோசமாக முடித்த கதையை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. அதை முடித்த மனிதரை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. டீச்சர் என்கிற மரியாதையைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அழுதிருக்கலாம்.