ஐந்தாவது சொந்தக்காரர்

"டீ கொட்டினது மேஜை மேலயா, புத்தகத்து மேலயா?" என்று தொலைபேசியில் கேட்டார் உஷ்ஷம்மாவின் கணவர்.

"புத்தகத்து மேலதாங்க."

"எந்தப் புத்தகம்?"

உஷ்ஷம்மா நூலகராக இருந்த இறையியல் கல்லூரியில் எத்தனையோ ஆயிரம் புத்தகங்கள். வேறு எதன் மேல் கொட்டியிருந்தாலும் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள்.

"அந்தப் புத்தகம்தாங்க."

அவருக்கும் புரிந்துவிட்டது.

படிக்கும் அறையில் யாராவது தும்மினாலும் "உஷ்!" என்பவள் என்பதால் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் உஷ்ஷம்மா. அப்பேர்ப்பட்டவளுக்கு இப்போது வாய்விட்டு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

ஆங்கிலிக்கன் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளுக்கு ஒரு பாதிரியார் எழுதிய தடித்த விளக்கவுரை அது. கல்லூரியில் ஐந்தாவது விதியைத் தாண்டிப் படித்தவர் யாரும் கிடையாது. ஆனால் அதன் முதல் வெற்றுத்தாளைப் பார்க்காதவரும் கிடையாது. புத்தகத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்த ஐந்து பேர் அதில் மேலிருந்து கீழாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் நான்கு பேரும் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐந்தாமவர் பெயரைப் போட்டு, அதன்கீழே லத்தீனில் ஒரு நீளமான வரியும் எழுதியிருந்தார்.

கல்லூரியில் லத்தீன் தெரிந்தவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். முதல்வர் மட்டும் விருந்தாளி யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை ராகம்போட்டுப் படித்துக் காட்டுவார். அர்த்தம் கேட்டால், "ரொம்ப ஆழமானது" என்பார்.

அந்த ஐந்தாமவரின் பேரன் இன்று மாலை வருகிறார். பெரிய தொழிலதிபர். போன மாதம் வந்தவர், தாத்தா பெயரில் புது நூலகமே கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். புது நூலகம் வந்தால் உஷ்ஷம்மாவுக்கு வேலை நிரந்தரம் என்று முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். வருஷக்கணக்காகத் தற்காலிகமாகவே காலம் தள்ளிவிட்டவள் அவள். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கண் நிறைந்துவிடும்.

"தொடாதே, நான் வர்றேன்," என்றார் கணவர். "கறை எடுக்கறது என் பொழப்பு."

அவர் சலவைக் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு பாட்டில், பையில் இஸ்திரிப் பெட்டி சகிதம் வந்து சேர்ந்தார். தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இந்தப் பாடு? எழுத்தெல்லாம் நல்லாவே தெரியுதே. பழுப்பா ஒரு வட்டம், அவ்வளவுதான்."

"அப்படியே விட்டுடலாமாங்க?"

"கறையோட ஒரு துணியை நான் திருப்பிக் குடுத்திருக்கேனா?"

தொழில் கௌரவம் குறுக்கே வந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து பஞ்சில் நனைத்து ஒற்றினார். கறை போயிற்று. கூடவே ஐந்தாமவர் போனார். நான்காமவர் போனார். மற்ற மூவரும் அவர்கள் பின்னாலேயே கிளம்பினார்கள். தாள் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"பாத்தியா, கறை இருந்த இடமே தெரியலை," என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "எழுத்து வேணுமா?"

"ஐயோ, எழுத்துதாங்க வேணும்!"

"பதறாதே. சூடு பட்டா மை மறுபடி மேலே வரும்."

யார் சொன்னது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. இஸ்திரிப் பெட்டி தாளின்மேல் உட்கார்ந்தது. மை வரவில்லை. புகை வந்தது. பெட்டியின் மூக்கு அளவுக்கு ஒரு பொத்தல் விழுந்து, அதன் வழியே அடுத்த பக்கத்தில் இருந்த பாதிரியாரின் முன்னுரை எட்டிப் பார்த்தது.

"இது பருத்தி இல்லைபோல," என்றார் கணவர். கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

உஷ்ஷம்மா தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். முதல்வரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். வாசலில் அவரே எதிரே வந்தார்.

"என்னம்மா, புத்தகம் தயாரா? புது நூலகத்துல அந்தப் பக்கத்தைத் திறந்தபடி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிடுவோம். திறப்பு விழாவுக்குப் பேராயர் வர்றார். அவர் லத்தீன்ல புலி!"

"தயாருங்க ஐயா," என்றது அவள் வாய். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு அவள் துணிந்து காரியத்தில் இறங்கினாள். எரிந்த தாளை வேரோடு அறுத்தாள். புத்தகத்தின் கடைசியில் சும்மா இருந்த வெற்றுத்தாள் ஒன்றை வெட்டி எடுத்தாள். நூற்பட்டியலுக்காக எப்போதோ எடுத்து வைத்திருந்த புகைப்படத்தை அச்செடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

முதலாமவர் வாலும் கொம்புமாக எழுதியிருந்தார். இரண்டாமவருக்குக் கை நடுக்கம் போலும்; அவர் மட்டும் அவளுக்குச் சுலபமாக வந்தார். மூன்றாமவருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான்காமவர் இதே கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். உருண்டை உருண்டையான எழுத்து. ஐந்தாமவரிடம் வந்ததும் மனதுக்குள் ஜெபம் செய்துகொண்டாள். என் பிழைப்பு உங்கள் கையில் ஐயா என்று வேண்டிக்கொண்டு லத்தீன் வரியை எழுத்து எழுத்தாக இழைத்தாள். மூலத்தில் இரண்டு சொற்கள் மங்கிப் போயிருந்தன. பேரன் மனம் குளிரட்டும் என்று அவற்றை இன்னும் கொஞ்சம் அழுத்தியே எழுதினாள். தாத்தா எழுதியதைவிடத் தெளிவாகவே வந்துவிட்டது.

தாளைப் பழசாக்க டீயையே லேசாகப் பூசினாள். எந்த டீ குடியைக் கெடுத்ததோ அந்த டீயின் காலிலேயே விழவேண்டிய தலையெழுத்து. காய்ந்ததும் பசை தடவி ஒட்டினாள். பசை காய்வதற்குள் வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

பேரன் வெள்ளைச் சட்டையில் வியர்க்க வியர்க்க வந்தார். முதல்வர் புத்தகத்தைத் திறந்து வழக்கமான ராகத்தில் அந்த வரியைப் படித்தார். பேரன் முகம் வெளிறியது. தாளையே உற்றுப் பார்த்தார்.

"போன தடவை இவ்வளவு தெளிவா இல்லையே," என்றார்.

உஷ்ஷம்மா முந்திக்கொண்டாள்.

"சுத்தம் பண்ணினோம் ஐயா."

"ஓ." அவர் எச்சில் விழுங்கினார். "இந்தப் புத்தகத்தோட அஞ்சு நிமிஷம் நான் தனியா இருக்கலாமா?"

"தாராளமா!" என்று முதல்வர் எழுந்தேவிட்டார்.

தனியாக விட்டால் தாளைத் தடவிப் பார்ப்பார், ஈரப் பசை விரலில் ஒட்டும், குட்டு வெளிப்பட்டுவிடும். உஷ்ஷம்மா புத்தகத்தின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய நூலோட யாரையும் தனியா விடக்கூடாதுன்னு விதி இருக்குங்க."

"நாமதானம்மா விதி போட்டோம்," என்றார் முதல்வர்.

"போட்ட நாமளே மீறலாமா ஐயா?"

பேரன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் முதல்வரை அனுப்பினாள். வெளிச்சம் போதவில்லை, விளக்கு கொண்டுவர முடியுமா என்றார். அவள் இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவர் கை சட்டைப்பைக்குள் போவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தது. காசோலையை எடுக்கத்தான் தயங்குகிறார் என்று அவள் நினைத்தாள்.

கடைசியில் அவர் எழுந்துவிட்டார்.

"நூலக விஷயம்... யோசிச்சுச் சொல்றேன்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நன்கொடை கேட்டுப் பழகிய முதல்வருக்கு நன்றாகத் தெரியும். உஷ்ஷம்மாவை அவர் பார்த்த பார்வையில் நிரந்தரமும் போயிற்று, தற்காலிகமும் போயிற்று. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் தன் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்வதற்கு முன்னால் தானே போய்விடுவது மரியாதை என்று பட்டது.

பேரன் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுக்க அவருடைய டிரைவர் வந்தார். உஷ்ஷம்மாவால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. பக்கத்தைப் பார்த்து ஐயா என்ன கண்டுபிடிச்சாரு?"

"கண்டுபிடிக்க என்னம்மா இருக்கு? சின்ன வயசுலயே லத்தீன் படிச்சவரு. போன மாசமே புரிஞ்சிடுச்சு." டிரைவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "'என் வாத்தியார் தூங்கிட்டிருந்தப்ப அவர் அலமாரியில இருந்து இதைத் திருடிட்டு வந்தேன், கர்த்தர் மன்னிக்கட்டும்'னு தாத்தா தன் கையாலேயே எழுதியிருக்காராம். அதைப் போய்க் கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறாங்கன்னதும் ஐயாவுக்குத் தூக்கமே போச்சு. அறுத்து எடுத்துடலாம்னு பையில பிளேடோட வந்தாரு. நீங்கதான் நகரவே இல்லையாமே."

உஷ்ஷம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஒரு பக்கம் மட்டும் எப்படியாவது பாழாப் போயிருக்கணும், இன்னைக்கே செக்கைக் குடுத்துடறேன்னு வழி நெடுக ஜெபம் பண்ணிட்டு வந்தாரும்மா," என்றார் டிரைவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "பாவம், கடவுள் காதுலயே வாங்கிக்கலை."