தொட்டியின் பழைய வெளிச்சம்

“இது என் லைட் இல்ல.”

போஹுமில் மல்லாந்து படுத்தபடியே சொன்னார். அவருடைய வலது கண்ணில் சொட்டு மருந்து விடக் குனிந்திருந்த மகள் ரடானாவின் கை அப்படியே நின்றது.

“ஆடாம இருங்கப்பா. எந்த லைட்?”

“மீன்தொட்டி லைட். நான் இல்லாத நேரம் பாத்து மாத்தியிருக்க.”

“கண் ஆபரேஷனுக்குன்னு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தீங்க. நான் மீனுக்குத் தீனி போட்டேன், தபால் ஆபீஸ் வேலைக்குப் போனேன். டியூபைத் தொடக்கூட இல்ல.”

அது முழு உண்மை இல்லை. டியூபுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் மூடிக் கண்ணாடியை அவள் துடைத்திருந்தாள். பல வருஷத்துச் சுண்ணாம்புக் கறை. வினிகர் ஊற்றித் தேய்த்ததில் பளபளத்தது. அந்தக் கண்ணாடியை யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

முந்நூறு லிட்டர் தொட்டி. நியான், கப்பி, தரையைத் துழாவும் குட்டிக் கெளுத்தி என்று எல்லா ஜாதியும் ஒரே தண்ணீரில், சண்டையில்லாமல். ஓஸ்ட்ராவா நகரத்தின் அந்த அடுக்குமாடியில் மனிதர்களால் முடியாத காரியம். பின்பக்கம் அடர்த்தியாக நீர்ச்செடிகள். தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி. மூன்று வருஷம் முன்னால் சாகும்வரை, அவர் மனைவி யர்மிலா மாலைக் காபியை அதில் உட்கார்ந்துதான் குடித்தாள்.

“அந்த வெளிச்சத்துல உங்கம்மா முகம் தங்கமா இருக்கும். அவ போன அப்புறமும் நாற்காலி மேல அந்தத் தங்கம் விழுந்துட்டுதான் இருந்துச்சு. இப்ப பாரு, பல் டாக்டர் ரூம் மாதிரி.”

“எனக்கு எப்பவும் போலதான் தெரியுது.”

“உனக்கு என்ன தெரியும். சனிக்கிழமைக்குள்ள அது திரும்பலன்னா தொட்டியை சேனெக்குக்குக் குடுத்துடுவேன். வெறும் மீனைப் பாத்துட்டு உக்காரணும்னு எனக்கென்ன தலையெழுத்து?”

சேனெக், மீன் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். முப்பது வருஷமாக அந்தத் தொட்டிமேல் கண் வைத்திருந்தவர். தொட்டி போய்விட்டால் அப்பா காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் காரணம் ஒன்றும் மிஞ்சாது என்று ரடானாவுக்குத் தெரியும். வினிகரைப் பற்றி வாயைத் திறக்காமல் புது டியூப் வாங்கக் கடைக்குப் போனாள்.

“உங்க வீட்டுக்காரருக்கா?” என்றான் கடைக்காரன். அதற்குமேல் அவனிடம் எதையும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டிகளில் கெல்வின் என்று ஏதோ போட்டிருந்தது. எண் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மஞ்சள் கூடும் என்று தானாகவே முடிவுகட்டி, இருந்ததிலேயே பெரிய எண்ணாகப் பத்தாயிரத்தை எடுத்துவந்தாள்.

போட்டதும் நாற்காலி நீலமானது.

“பிணவறை,” என்றார் போஹுமில்.

அடுத்து, சேனெக்கின் நிலவறையிலிருந்து நாலு குண்டு பல்புகள் வந்தன.

“அந்தக் காலத்துல எல்லாருக்கும் இதுதான்மா. செடி காடா வளந்துச்சு,” என்றார் சேனெக். சொல்லும்போதே தொட்டியின் நீளத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

“அளக்காதீங்க மாமா.”

“சும்மாதான்.”

பல்புச் சூட்டில் சாயங்காலத்துக்குள் தண்ணீர் முப்பத்தொரு டிகிரி. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ரடானா ஃப்ரீசரில் இருந்த பசலைக்கீரைப் பொட்டலங்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

“மஞ்சள்தான். ஆனா சாராயக் கடை மஞ்சள்,” என்றார் போஹுமில், கீரை மிதப்பதைப் பார்த்தபடி. “உங்கம்மா இதுல உக்காரமாட்டா.”

பழைய டியூபையே திரும்ப மாட்டினாள். மறுபடி பல் டாக்டர் ரூம்.

வெளிச்சத்தை மாற்ற முடியாவிட்டால் தண்ணீரை மாற்றலாம் என்றார் சேனெக். ஆல்டர் என்ற மரத்தின் சாயம் இறங்கும் குட்டிக் காய்கள், பத்து லிட்டருக்கு ஒன்று வீதம் போட்டால், பத்து நாளில் தண்ணீர் தேன் நிறமாகுமாம். ரடானாவுக்கு ஏது பத்து நாள்? அவர் கொடுத்த காய்ப் பை முழுவதையும் வெந்நீரில் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினாள்.

காலையில் தொட்டி கறுப்பு பீர் நிறத்தில் நின்றது. செடி தெரியவில்லை. அப்பாவும் மகளும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள்.

“மீன் இருக்கா?”

“இருக்கணும்.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. “நான் மூடிக் கண்ணாடியைத் துடைச்சேன்ப்பா. அதுதான் எல்லாத்துக்கும் காரணம்.”

போஹுமில் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுத்தார்.

“எதுல?”

“வினிகர்ல.”

“இருபது வருஷமா சேந்தது. உங்கம்மாகூட அதுல கை வெச்சதில்ல.” போனை எடுத்தார். “சேனெக்? நாளைக்கு மத்தியானம் வாளியோட வா. ஆமா, எல்லாத்தையும்.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டவேண்டிய நாள். டிராமில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“பார்வை எப்படி இருக்கு சார்?” என்றாள் சிஸ்டர்.

“பார்வைக்கு என்ன, ஊசியில நூல் கோக்கறேன். வீட்டு வெளிச்சத்தைத்தான் இவ கெடுத்துட்டா. முன்ன தங்கமா இருந்துச்சு. பெண்டாட்டி நாற்காலி மேல அப்படியே…”

“நான் கண்ணாடியைத் துடைச்சேன் சிஸ்டர்,” என்றாள் ரடானா. “நூறு தடவை ஒத்துக்கிட்டேன். வேற என்ன செய்யணும்னு தெரியல.”

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, போஹுமிலின் வலது கண்ணைத் தன் கையால் மூடினாள்.

“இப்ப என் கோட்டைப் பாருங்க. என்ன நிறம்?”

வெள்ளைக் கோட்டை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடாத கண் மெல்ல நனைந்தது.

“அதேதான்,” என்றார். “யர்மிலா நாற்காலி.”

சிஸ்டர் கையை எடுத்துவிட்டு, அவருடைய சீட்டைப் புரட்டினாள்.

“அந்தத் தங்கம் கண்புரையோட நிறம் சார். வலது கண்ணுல இருந்ததை நாங்க எடுத்துப் போட்டுட்டோம். இடது கண்ணுக்கு செவ்வாய்க்கிழமைதான் தேதி, அதுவரைக்கும் அது உங்ககிட்ட இருக்கும்.”