வட்டத்துக்குள் அத்தான்

செத்துப்போனவர்கள் எல்லாரும் அந்த வாடகை மண்டபத்தில்தான் குடியிருப்பதாக ஊரே நம்பியது. காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். உயிரோடு இருந்தபோது மாமியாரை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவர்கள், அவர் ஆவியைப் பார்க்க முண்டியடித்தார்கள். பாசம் என்றால் அதுவல்லவா பாசம்!

ஆவிகளைப் படம் பிடிப்பவருக்கு ஒளியார் என்று பட்டப்பெயர். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. முதலில் தன் கம்பளிச் சால்வையை மூன்று முறை உதறி ஆவிகளை அழைப்பார். பிறகு பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ். படத்தில் உங்கள் தலைக்கு மேலே வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள் மிதக்கும். பெரிய வட்டம் அப்பா, சின்ன வட்டம் சித்தப்பா. "வெல ஒசந்த கேமராவுல இதெல்லாம் விழாது. அதுக்குக் கர்வம் ஜாஸ்தி," என்பார். கூட்டம் தலையாட்டும்.

அந்த ஊரில் கேமராக் கடையில் வேலை பார்த்த ஒருத்திக்கு இதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது, அவள் அக்காவே அப்படி ஒரு படத்தோடு வீட்டுக்கு வரும்வரை.

"உங்க அத்தான்டி, பாரு." அக்கா வட்டத்தைத் தடவினாள். அத்தான் போய் இரண்டு வருஷம். "பாப்பாவுக்குக் காது ஆபரேஷன் வேண்டாம்னு சொல்றாராம்."

"வட்டம் சொல்லுச்சா?"

"ஒளியார் சொன்னாரு."

வியாழக்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் குழந்தைக்கு இப்போது கேட்கிற கொஞ்சமும் கேட்காமல் போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அத்தானோ தலைவலி மாத்திரைக்குக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் வாயைத் திறப்பவர். செத்த பிறகு எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டாராம்.

கடையில் அவளுக்கு ஒரு வழக்கம். இரண்டு கேமராவில் எது தேவலை என்று யாராவது கேட்டால் வாய்ப்பேச்சே கிடையாது. ஒரே இடம், ஒரே வெளிச்சத்தில் இரண்டிலும் எடுத்து, பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுவாள். மறுநாள் கடை அலமாரியில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு குட்டிக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

"என் கேமராவுலயும் ஆவி விழுமா சாமி?"

ஒளியார் பரிதாபமாகச் சிரித்தார். "உன்னோடதுல தூசிகூட விழாதும்மா."

"பார்த்துடலாமே."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். அதற்கு அப்பனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. ஒரு படம் எடுத்தாள், சுத்தமாக இருந்தது. ஒளியாரின் சால்வையைப் பிடுங்கி நாற்காலிக்கு எதிரே நாலு உதறு உதறி, இன்னொன்று எடுத்தாள். திரை நிறைய வட்டங்கள்!

"நாற்காலிக்கு இவ்ளோ சொந்தக்காரங்களா?" என்று வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்.

"இப்ப உங்களோடதக் குடுங்க."

ஒளியார் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருடைய பக்தர்களே, "குடுங்க சாமி, அவ மூக்கு உடையட்டும்," என்று வாங்கிக் கொடுத்தார்கள். அவள் மறுபடி சால்வையை உதறினாள். ஆனால் அவர் கேமராவில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்தாள். ஒரு வட்டமும் இல்லை. இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள்.

"சின்ன கேமராவுல ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கும். முன்னாடி பறக்குற தூசியில வெளிச்சம் பட்டா, இப்படி வட்டமாத்தான் தெரியும். எல்லாம் சாமியோட சால்வை அழுக்கு."

ஒளியார் பின்வாசலைத் தேடினார்.

அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அத்தான்?"

"இதுல இல்லக்கா."

அக்கா அழுதாள். அழுது முடித்துவிட்டு, தானே சால்வையை உதறி, தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

வெளியே வரும்போது ஒரு பெரியவர் தங்கையை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்தச் சால்வையில கொஞ்சம் தூசி கெடைக்குமாம்மா? வீட்டுல வச்சுக்கலாம்."

அந்தக் குட்டிக் கேமராவில் பன்னிரண்டு மெகாபிக்சல். அதைவிட உசத்தியான சாமான் ஒன்றைக் கழுத்துக்கு மேலே எல்லாரும் சும்மாவே சுமந்துகொண்டு திரிகிறோம். அதையும் எப்போதாவது ஒருமுறை ஆன் பண்ணிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?