பந்துக்கு வழி விட்டவள்

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் மூக்கு நுனி, இடது கட்டைவிரல், வலது கணுக்கால் ஆகியவை நீங்கலாக. என் வீட்டுக்காரர், அதாவது உன் அருமை மாப்பிள்ளை, அனுப்பிய கட்டுப்போட்ட படத்தைப் பார்த்து நீ பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறாய். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் சாஃப்ட்பால் அணி ஆறு வருடமாகச் சமையல்கூட அணியிடம் தோற்று வருகிறது. இந்த வருடம் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட, ஆள் குறைகிறது என்று என்னைச் சேர்த்தார்கள். சாஃப்ட் என்பது பெயரில்தான், பந்து சாத்துக்குடி அளவில் ஒரு கருங்கல். கற்றுக்கொடுத்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். முதல் நாள் கையுறையைப் பந்து எறிகிற கையில் மாட்டிக்கொண்டு நின்றேன், அவர் பொறுமையாக மாற்றிவிட்டார். முட்டியை மடக்கு, கையுறையைத் தரையில் விரித்து வை, பந்து உள்ளே வரும்வரை கண்ணை எடுக்காதே, மற்ற கையால் மூடு என்றார். நான் கண்ணை எடுக்கவில்லை அக்கா, மூடிக்கொண்டேன். நாற்பது பந்து உருட்டினார், முப்பத்தொன்பது கால் நடுவே போயிற்று, நாற்பதாவது துள்ளி மூக்கில் விழுந்தது. மறுநாளிலிருந்து பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அவர் பக்கத்தில் வந்து, “வழி விடறதெல்லாம் என் வண்டிக்கு விடுங்க மேடம், பந்துக்கு வேண்டாம். நீங்க அதுக்கு எதிர்ல போங்க” என்றார். எதிரில் போனேன், கட்டைவிரல் போயிற்று. ஆனாலும் மூன்றாவது வாரம் பத்துக்கு நாலு பந்து கையில் நின்றது. வீட்டில் தலையணையை உருட்டிவிடச் சொல்லி உன் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்தினேன்.

சனிக்கிழமை ஆட்டம். கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால், இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் ஜெயம். மட்டையோடு வந்தவள் தலைமைச் சமையல்காரி, பட்டப்பெயர் கடப்பாரை. என்னிடம் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன், என்னிடமே வந்தது. தரையோடு தரையாக, வெறி பிடித்த மாதிரி. ஒதுங்கத்தான் நினைத்தேன், கால் என்னைக் கேட்காமல் முன்னால் போனது. குனிந்தேன், கையுறையில் ஏதோ அறைந்தது, பந்தைக் காணோம். சுற்றிச் சுற்றித் தேடுகிறேன், கடப்பாரை ஓடுகிறாள், எல்லோரும் கத்துகிறார்கள். கறை போகவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் பேசியறியாத எங்கள் மேற்பார்வையாளர் எழுந்து நின்று, “கையிலதாம்மா இருக்கு, தூக்கிப் போடும்மா” என்றார். எறிந்தேன். அது கோணலாகப் போய் ஒருமுறை குதித்து, கடப்பாரை ஓடித் தொடவேண்டிய முதல் தளக் கட்டத்தில் நின்ற எங்கள் அணிக்காரி நீட்டிய கையில் போய் உட்கார்ந்தது. கடப்பாரை அரை அடி தள்ளி இருந்தாள். அவுட். இருபத்திரண்டு வருடம் நான் மடித்த போர்வைக்கு யாரும் கை தட்டியதில்லை அக்கா. அன்றைக்குத் தட்டினார்கள். தலைக்கு மேல் தூக்கினார்கள், பிறகு கீழே போட்டுவிட்டார்கள். கணுக்கால் அப்படிப் போனதுதான், பந்தைக் குறை சொல்லாதே.

இனி கவலைப்படாதே. ஐம்பத்தோரு வயதில் இந்தக் கூத்து போதும் என்று கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உனக்கு நிம்மதியான தூக்கம்.

இப்படிக்கு,
மூக்கு சிவந்த தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது ஓட்டுநர் வந்தார், கையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் எட்டு ஆஸ்பத்திரிகள் மோதுகின்றன. ஒரு ஆள் குறைகிறது, குடும்பத்தாரும் ஆடலாமாம். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஷூ வாங்கி வை.