கொட்டகை ஃபேனைத் தின்ற டிஸ்க்

கள்ளக்குறிச்சி,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய ஆதிமூலம் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் கவியரசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கும் எனக்கும் வியர்வையைத் தவிர வேறு குறையில்லை. அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் முதலாளியின் காரை ஓட்டும்போது என் குரல் கார் ஸ்பீக்கரில் முழங்கும், பின்சீட்டில் அவர் இருப்பார். அதனால்தான் கடிதம்.

அவருடைய ஜவ்வரிசி ஆலையில் நீங்கள் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் வேலை என்னைக் கொல்கிறது. கரண்ட் போனால் சர்வரும் கொட்டகை ஃபேனும் ஒரே இன்வெர்ட்டரில் ஓடும். வேலையில்லாத நேரத்தில் சர்வரின் ஹார்டு டிஸ்க்குகள் சுழலாமல் தூங்க வேண்டும். தூங்கவில்லை, பேட்டரி தீர்ந்தது. உடனே முதலாளி, "பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு ஃபேனு? புடுங்கு அத்த" என்றார். வெள்ளிமலையிலிருந்து லாரியில் வரும் மரவள்ளியை அம்மாவும் மற்றவர்களும் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டே தோல் உரிக்கிறார்கள். டிஸ்க் தூங்கினால்தான் ஃபேன். அதனால் வைரஸ் தேடுவதை நிறுத்தினேன், பேக்கப்பை நிறுத்தினேன், செட்டிங்கையெல்லாம் புரட்டிப் போட்டேன், தூங்கும், நான் டீ கிளாஸைத் தொடுவதற்குள் விர்ரென்று எழும், மேனேஜர் சின்னதுரை சர்வர் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார், சூட்டில் அது வதங்கினதுதான் மிச்சம், கடைசியா யாருதான் எழுப்பிக்கினு கீறாங்கன்னு பாத்தா, மாமா, நம்ம மொதலாளி போனு! கொட்டகைக் கேமராவின் படம் கேமராவிலேயே சேரும். யாராவது போனில் திறந்து பார்த்தால்தான் அது சர்வர் வழியாகப் போகும், டிஸ்க் எழும். இந்த மனுஷன் சாப்பிடும்போதும் பார்க்கிறார், கோயில் வரிசையிலும் பார்க்கிறார், எவளாவது கையை நிறுத்தினாளா என்று.

நேரிலேயே கேட்டேன். "ஏன்டா, என் ஆளுங்கள நான் பாக்கக் கூடாதா? மிஷினத் தூங்க வெக்கத்தான உனக்குச் சம்பளம்?" என்றார்.

ஆகையால் நீங்கள் காரில் நைசாகப் பேசி, அந்தக் கேமரா ஆப்பை அவர் போனிலிருந்து எடுக்க வைக்க வேண்டும். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் காற்றோட்டமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கவியரசன்

பி.கு.: தபாலில் போடும்வரை பொறுக்க முடியாமல் கேமரா பாஸ்வேர்டை நானே மாற்றிவிட்டேன். டிஸ்க்குகள் அடித்துப் போட்டதுபோல் தூங்கின. ஃபேனும் வந்தது. போனில் படம் தெரியாத முதலாளி, உங்களைக்கூடக் கூப்பிடாமல் பைக்கில் வந்து இறங்கினார். ஃபேனைத் தன் பக்கம் திருப்பி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேரிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டார். மதியச் சோறும் அங்கேதான். அம்மா வந்து, "காத்தும் வாணாம், ஒண்ணும் வாணாம். அந்தாளு போன்ல படத்த வுடுடா, வூட்டுக்குப் போவட்டும்" என்றாள். விட்டுவிட்டேன். போய்விட்டார். ஃபேனும் போய்விட்டது. எனவே மேலே கேட்டதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அவர் போனில் சார்ஜ் குறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.